கேஜ் குழாய் வழியே வந்தவர்கள்

ராக்கியண்ணனின் லாரியில் ஆயில் கேஜ் குழாய் ஒடிந்துபோன மாசி மாதத்தில்தான் திருச்செங்கோட்டுக்கு வெளியே சங்ககிரி ரோட்டில் இருக்கிற பட்டறை வரிசைக்குச் செத்தவர்கள் வாசனையாக வந்து போக ஆரம்பித்தார்கள். கேஜ் குழாய் பெரிய சாமான் ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குள் ஆயில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க ஒரு நீளக் கம்பியை விட்டு எடுப்பார்களே, அந்தக் கம்பி இறங்குகிற விரல் பருமன் இரும்புக் குழாய், அவ்வளவுதான். அதைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பின் போல்ட் மகாராஷ்டிரத்து ரோட்டில் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. பிடிமானம் போன குழாய் குழிக்குக் குழி ஆடி, ஆந்திராவைத் தாண்டி, தொப்பூர்க் கணவாயில் இறங்கி, சங்ககிரி மலை கண்ணில் படுகிற இடத்துக்கு வந்ததும் இதற்கு மேல் முடியாது என்பதுபோல அடியோடு ஒடிந்து, எஞ்சின் பக்கமெல்லாம் கறுப்பு ஆயிலைத் துப்பியபடி லாரியை அர்த்தநாரியின் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

அர்த்தநாரி கேபினைச் சாய்த்தான். எங்கிருந்து துப்புகிறது என்று பார்க்க எஞ்சினை ஓடவிட்டான். குழாய் இருந்த இடத்தில் சின்ன ஓட்டை. அதிலிருந்து எஞ்சினின் சூடான மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது. முன்சக்கரத்தின் மேல் கையூன்றிக் குனிந்திருந்த ராக்கியண்ணன், ஐம்பது வயது தாண்டின, சொந்த லாரியைச் சொந்தமாக ஓட்டுகிற மனுஷன், "அம்மா" என்றான். கடலைப் புண்ணாக்கும் கோடாலித் தைலமும் கலந்த வாசம், அவன் அம்மாளின் சீலை மடிப்பில் மட்டும் இருந்த வாசம், எஞ்சினிலிருந்து வந்தது. என்னடா இது என்று அர்த்தநாரியும் குனிந்தான். அவனுக்குப் பிறந்து மூன்று மாசம்கூட இருக்காமல் போன பெண் குழந்தையின் உச்சந்தலை வாசம் வந்தது, பவுடரும் புளித்த பாலுமாக.

பட்டறையை ஒட்டின தகரக் கொட்டகையில் லாரித் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்த கோகிலவாணி, அர்த்தநாரியின் தங்கை, மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தபோது இரண்டு ஆம்பிளைகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஓட்டைக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றார்கள்.

அன்றைக்கே குழாயை மாட்டியிருக்கலாம். உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை வெளியே இழுத்து, புதுக் குழாயை அடித்து இறக்கினால் ஒரு மத்தியான வேலை. அர்த்தநாரி மாட்டவில்லை. "கொழா கெடைக்கலீங்ணா" என்றான். குழாய் எதிர்த்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ராக்கியண்ணனும் அதைப் பார்த்துக்கொண்டே, "கெடைக்கறப்ப கெடைக்கட்டும்" என்றான்.

லாரியால் பிழைத்து லாரியாலேயே செத்த ஊர் அது. எந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ரோட்டுக்குப் போய்த் திரும்பாத ஒரு ஆள் போட்டோவில் இருந்தான். சேதி பரவினதும் முதலில் பெண்கள்தான் வந்தார்கள், தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போகிற சீலையைக் கட்டிக்கொண்டு; பின்னால் ஆம்பிளைகள் வந்தார்கள், சும்மா பக்கத்தில் வேலையாக வந்தவர்கள் மாதிரி. பங்க்காரர் கேனில் டீசல் அனுப்பினார். லாரி பட்டறை சங்கத்தார் வந்து கயிறு கட்டி வரிசை போட்டு, ஏறி நிற்க மர ஸ்டூல் ஒன்றும் பிடித்துக்கொள்ளக் கம்பி ஒன்றும் வைத்து, ஆளுக்கு மூன்று மூச்சுக்கு மேல் கூடாது என்று பேசி முடித்தார்கள். வரிசையை ஒழுங்குபண்ண வந்த போலீஸ்காரர் தன் முறை வந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். இரண்டு புருஷனைப் பறிகொடுத்த டீக்கடை லோகாம்பாள் ஆறு மூச்சு கேட்டுச் சண்டை போட்டாள், அது நியாயம் என்று கொடுத்தார்கள். லாரி ஓட்டுகிறவர்களில் சிலர் முகர்ந்து பார்த்ததும் முகம் வெளுத்து, கயிற்றைத் தாண்டிப் போனார்கள். ரோட்டில் அவர்கள் வண்டியில் அடிபட்டு, நிறுத்தாமல் விட்டுவந்த ஆட்களுக்கும் வாசனை இருந்தது. அப்படிப் போனவர்கள் மறுநாள் திரும்பவும் வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

செத்தவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது. மஸ்கட்டுக்குப் போய் இரண்டு வருஷமாகப் பேச்சில்லாமல் இருந்த மகனை நினைத்துக் குனிந்த ஒரு தாய்க்குக் கருகின ஆயில் நாற்றம் தவிர ஒன்றும் வரவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோதே மகனிடமிருந்து போன் வந்தது. அன்றையிலிருந்து அந்த ஓட்டை ஊருக்கு ஒரு தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. வாசம் வந்தால் ஆள் இல்லை, போய்க் காரியம் செய்துவிட வேண்டியது. ஆயில் நாற்றம் மட்டும் வந்தால் ஆள் எங்கேயோ இருக்கிறான், மிட்டாய் வாங்கிக் கொடுக்க வேண்டியது.

கோகிலவாணி மட்டும் போகவில்லை. வரிசை அவள் கொட்டகையை உரசிக்கொண்டுதான் போனது. அவள் தலையைத் தூக்காமல் தார்ப்பாய்க்கு வளையம் அடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் செங்கோட்டுவேலு ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவன். லாரி ஜபல்பூர்ப் பக்கம் ஒரு டீசல் பங்க்கில் பூட்டின மேனிக்கு நின்றது. சாவி டயர் மேல் இருந்தது, லோடு குறையவில்லை, ஆள்தான் இல்லை. ஆற்றில் குளிக்கப் போய் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள், கொள்ளைக்காரன் என்றார்கள், தேடினார்கள், வருஷங்கள் போனதும் தேடினதைப் பற்றிப் பேசுவதையும் விட்டார்கள். தாலி கழுத்தில் கிடந்தது. ஆனால் எந்த வீட்டுச் சீரிலும் அவளைத் தட்டெடுக்கக் கூப்பிடவில்லை. வா என்றுதான் சொல்வார்கள், வந்தால் கொஞ்சம் பின்னால் நில் என்பார்கள். அவள் பின்னால் நின்றாள். மாமியார் பாவாயிக்குச் சர்க்கரை, கால் புண், ஒரு கண்ணில் புரை; அவளைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து கட்டி, கேப்பங்களி கிண்டிப் போட்டு, வெளிச்சம் இருக்கிற நேரமெல்லாம் தார்ப்பாய் தைத்து அந்த வீட்டை நடத்தினாள். செத்தவனுக்குச் செய்ய வேறென்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

முகர்ந்து பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் செத்திருப்பானோ என்று பயமில்லை, அது பழகிப்போயிருந்தது. அவன் வாசனை அவளுக்கு மறந்துபோயிருந்தது. வந்து நின்றாலும் தனக்கு அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்றுதான் பயந்தாள்.

"நீ ஒருக்கா வந்து பாத்துரு கோகிலா" என்றான் அர்த்தநாரி. "தெரிஞ்சுட்டா ஒரு நிம்மதி."

பங்குனி வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவள் எழுந்து போனாள். வரிசை வழிவிட்டது. ஸ்டூலில் ஏறிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். கருகின ஆயில். இன்னொரு மூச்சு. கருகின ஆயில். அர்த்தநாரி தானாகவே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தூக்கிவிட்டான். மூச்சு வேகமாக வந்து முகத்தில் ஆயில் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. ஆயில்தான், வேறொன்றும் இல்லை.

"என்னம்மணி, வந்துட்டாப்லயா?" என்று லோகாம்பாள் கேட்டாள்.

கோகிலவாணி முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு இறங்கி நேரே வீட்டுக்கு நடந்தாள். பாவம், வந்துட்டான் போல, தாங்க முடியலை என்று வரிசை பேசிக்கொண்டது.

உயிரோடு இருக்கிறான். தெருமுனை வருவதற்குள் அந்தச் சந்தோஷம் வந்து, வீட்டு வாசல் வருவதற்குள் கெட்டுப்போனது. உயிரோடு இருக்கிற ஆளுக்குக் கால் இருந்திருக்கும், ரயில் இருந்திருக்கும், போன் இருந்திருக்கும்.

பாவாயி முறத்தில் துவரம்பருப்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நான் இன்னிக்கு மோந்து பாத்தனுங்க."

"ம்."

"வெறும் ஆயில் வாசந்தான் வந்துச்சுங்க."

"ம்" என்றாள் பாவாயி. முறம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. காணாமல் போன பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று கேட்ட கை அது.

கோகிலவாணி அந்தக் கையையே பார்த்தாள். பாவாயியின் புருஷன் செத்தவன், மூத்த மகள் செத்தவள். நடக்க முடியாத கிழவிகளைக்கூட இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் முகர வைத்த ஊரில் பாவாயி மட்டும் ஒரு நாளும் என்னைக் கூட்டிப் போ என்று கேட்டதில்லை. போனால் மகன் வந்தானா என்று ஊர் கேட்கும்.

"எத்தன வருசமாத் தெரியுமுங்க உங்களுக்கு?"

முறம் நின்றது. பருப்பைப் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டாள் பாவாயி. "மொத வருசமே போன் பண்ணிட்டான் கண்ணு. நீ கொட்டாய்க்குப் போனப்பறம் பண்ணுவான். ஜபல்பூருக்கு அந்தாண்ட என்னமோ ஊரு, எனக்கு வாயில நொழைய மாட்டீங்குது. அங்க ஒருத்தி கூட இருக்கறான். ஒரு பையன் இருக்குது."

"என்னப் பத்தி எதாச்சும் கேப்பாருங்களா?"

"கேப்பானே." பாவாயியின் முகத்தில் ஒரு நல்ல சேதி சொல்லுகிற தெளிவு வந்தது. "கோகிலா உன்ன நல்லாப் பாத்துக்கறாளான்னு ஒவ்வொருக்காவும் கேப்பான். நல்லாப் பாத்துக்கறான்னு சொல்லுவேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே."

"சொன்னா நீ உங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவ. அவனும் வரமாட்டான். அப்பறம் எனக்கு யாரு இருக்கறா?"

அதில் கள்ளம் எதுவும் இல்லை, வெறும் பசி மட்டும்தான் இருந்தது. கோகிலவாணிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. புடைத்த பருப்பை வாங்கிக்கொண்டுபோய் உலையில் போட்டாள். உப்புச் சரியாக இருந்தது, காரம் சரியாக இருந்தது, பாவாயி இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் வரிசை கூடுவதற்கு முன்பே கோகிலவாணி பட்டறைக்குப் போய் ஸ்டூலின் மேல் ஏறி நின்று எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்தாள். வந்தார்கள். "வந்துட்டாருங்க" என்றாள். "நேத்தே வந்துட்டாரு. பீடியும் செகப்பு சோப்பும் கலந்தாப்ல வாசம். அவரேதான்." எந்த லாரிக்காரனுக்கும் இருக்கிற வாசனை அது. ஆனால் அந்த ஓட்டை பொய் சொல்லாது என்று ஊர் நம்பியது, ஓட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறவள் சொல்வாள் என்று யாரும் நினைக்கவில்லை. அர்த்தநாரி கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வந்து தங்கையைக் கட்டிக்கொண்டான்.

பவானிக் கூடுதுறையில் காரியம் வைத்தார்கள். இரண்டு வேன் நிறைய ஆள் வந்தது. உடம்புக்குப் பதில் அவன் சட்டை ஒன்றை எரித்தார்கள். தாலியைக் கழற்றப் பெரிய பொம்பிளைகள் பக்கத்தில் வந்தபோது, அவர்கள் கை படுவதற்கு முன்னால் அவளே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள், டம்ளரில் சர்க்கரை போடுகிற மாதிரி. அதைப் பார்த்துத்தான் கூட்டம் ஓவென்று அழுதது. பாவாயியை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் ஒரு கண்ணால் மருமகளையே பார்த்துக்கொண்டு அழாமல் இருந்தாள். கோகிலவாணி நகர்ந்து வந்து அவளைக் கட்டிப் பிடித்து, எல்லோரும் பார்க்கத் தோளில் சாய்ந்து, காதுக்குள் சொன்னாள்.

"அழுவுங்கத்தை. பெத்த மகனுக்கு அழுவாம இருந்தா ஊரு என்ன நெனைக்கும்?"

உயிரோடு இருக்கிற மகன் பேரைச் சொல்லிப் பாவாயி ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். முதல் வரி வாய்க்குள்ளேயே நின்றது, இரண்டாவது வரி வெளியே வந்தது, அதற்கப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. வேனில் ஏற்றி ஊர் கொண்டுவந்து சேர்க்கும்வரை அழுதாள்.

அடுத்த போன் வந்தபோது பாவாயி நடந்ததை மகனிடம் சொல்லியிருக்கிறாள். அதையும் அவளே கோகிலவாணியிடம் சொன்னாள், ஒளிக்க இனி ஒன்றுமில்லை என்கிற நிம்மதியில். "செத்துட்டேன்னு சொல்லிட்டாளான்னு சிரிச்சான் கண்ணு. நல்லதாப் போச்சு, இனிப் பயமில்லைன்னான்."

செத்தவனுக்குப் பெண்டாட்டி என்று ஆனபிறகு வரிசைக்குப் போகாமல் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மற்றப் பெண்களோடு கோகிலவாணியும் போனாள். குனிந்து மூன்று மூச்சு ஆயில் நாற்றத்தைக் குடித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். இப்போது சீருக்குக் கூப்பிடுவதே இல்லை, பின்னால் நிற்கிற வேலையும் மிச்சம். அதற்குப் பதில் பெண்கள் அவளுக்கு வரிசையில் இடம் போட்டு வைத்தார்கள். அவள் பக்கத்தில் நின்றவள் புருஷன் வாசத்தில் சொக்கிப்போய் இறங்கும்போது, கோகிலவாணிக்கு அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும்.

சித்திரை போய் வைகாசியில் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. நின்ற இடத்திலேயே காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடி, திறந்த ஓட்டை வழியாக ஆயிலைக் கக்கி, ரோட்டுப் புழுதியை உள்ளே இழுத்து, அடிவயிற்றிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். ராக்கியண்ணனுக்கு அந்தச் சத்தம் தெரியும். அவன் எதிர்த்த கடைக்குப் போய்த் தானே ஒரு புதுக் குழாயை வாங்கிவந்து அர்த்தநாரியின் மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"எங்கம்மாளப் பாத்தது போதும் தம்பி. இது போச்சுன்னா நான் எதை ஓட்டுவேன்?"

வரிசை கத்தியது. செத்தவங்களை மறுபடி சாகடிக்கிறான் என்றார்கள், சங்கத்தார் கூடிக் கூடிப் பேசினார்கள், லோகாம்பாள் ஸ்டூலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள். அர்த்தநாரி குழாயைத் தொடவில்லை. கடைசியில் முடித்து வைத்தது அவன் பெண்டாட்டி சம்பூரணம். தினமும் மத்தியானச் சோற்றோடு வந்து, எல்லோருக்கும் முன்னால் மூன்று மூச்சுக் குழந்தையை முகர்ந்துவிட்டுப் போகிறவள், அன்றைக்குச் சோற்றுக்கூடையை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் ஏறாமல் நின்றாள். ரவிக்கையின் முன்பக்கம் ஈரமாக இருந்தது.

"எனக்கு மறுக்காப் பால் கட்டுதுங்க" என்றாள், இத்தனை ஆம்பிளைகள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். "நெஞ்செல்லாம் கல்லாட்ட வலிக்குது. குடிக்க ஆளில்ல. அந்தக் கொழாயை மாட்டி உட்ருங்க சாமி."

கடைசியாக ஒரு தரம் எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும், பிறகு மாட்டிவிடலாம் என்று முடிவானது.

ஊரே வந்து நின்றது. கோகிலவாணியும் நின்றாள், இதோடு இந்த நடிப்பு முடிந்தது என்கிற நினைப்போடு. முறை வந்தது. ஸ்டூலில் ஏறினாள், அழுகை முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு குனிந்தாள்.

அவன் வந்தான்.

பீடியும் இல்லை, சிகப்பு சோப்பும் இல்லை. மழையில் நனைந்த ஜவ்வரிசிச் சாக்கு, அவன் காதுக்குப் பின்னால் மட்டும் இருக்கிற மாவு மாதிரியான ஒரு இளஞ்சூடு, கல்யாணமான புதிதில் அவள் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கின இடம். மறந்தே போயிருந்தாள், வந்ததும் ஒரு நொடிகூட ஆகவில்லை தெரிய. இரண்டாவது மூச்சில் அதற்கு அடியில் வேறொரு வீட்டு வாசனையும் வந்தது. கடுகெண்ணெயில் வதக்கின வெங்காயம். அவளுக்குத் தெரியாத ஒரு சின்னப் பையனின் வியர்த்த தலை. மூன்றாவது மூச்சை அவள் இழுக்கவில்லை.

எப்படிச் செத்தான், என்றைக்குச் செத்தான் என்று தெரியாது. காய்ச்சலோ, லாரியோ, அந்த ஊர் ஆறோ. தான் சொன்ன பொய் கிளம்பி, இத்தனை மாசம் நடந்து, ஜபல்பூரைத் தாண்டி அவனைத் தேடிப் பிடித்துவிட்டதோ என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் நழுவியது. விழுந்தாள் என்றே சொல்லலாம், பெண்கள் தாங்கினார்கள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அழுகிறவள்தானே, யாருக்கும் அதில் வித்தியாசம் தெரியவில்லை. "பாவம், கடைசி நாளாச்சே" என்று தண்ணீர் கொடுத்தார்கள். காரியம் முடிந்தவனுக்கு மறுபடி காரியம் கிடையாது. இனி அவனுக்காக உட்கார்ந்து அழ ஒரு இடம் எங்கும் இல்லை.

அர்த்தநாரி எஞ்சினை நிறுத்தினான். ஓட்டைக்குள் இருந்த துண்டுக்குள் மரையாணியை ஏற்றி, நெளித்து நெளித்து வெளியே இழுத்தான். நாட்பட்ட பல்லைப் பிடுங்கின மாதிரி அது வந்தது. டீசல் துணியால் உள்ளே துடைத்தான். புதுக் குழாயின் நுனியில் பசை தடவி, பித்தளைக் கட்டையை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்கினான். ஒவ்வொரு தட்டுக்கும் பட்டறையில் யாராவது ஒருத்தர் விசும்பினார். கிளாம்புக்குப் புதுப் போல்ட் போட்டு இறுக்கினான். கம்பியை விட்டு எடுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தான். ஆயில் சரியான கோட்டில் நின்றது. ராக்கியண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து, மெல்ல லாரியைத் திருப்பி ரோட்டில் ஏற்றிப் போனான். அவன் போன பின்னும் வரிசை கயிற்றுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது.

கோகிலவாணி வீட்டுக்குப் போய்க் கால் கழுவி, ரசம் வைத்தாள்.

ஆனி பிறந்து பாதியாயிற்று. பாவாயி சுருக்குப் பையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்து, நல்ல கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, காதில் வைத்து, மறுபடி பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்குச் சோற்றுத் தட்டு முன்னால் வந்தும் கை வைக்கவில்லை.

"போன மாசமும் வரல, இந்த மாசமும் வரல. நீ வாங்கிப் பாரு கண்ணு. கெட்டுப்போச்சா?"

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். கெடவில்லை. சார்ஜ் இருந்தது, கட்டங்கள் எல்லாம் நிறைந்து நின்றன. மாமியாரின் முகம் அண்ணாந்து, திறந்து, ஏழெட்டு வருஷமாக இந்த வீட்டில் ஒருத்தி மட்டும் வைத்திருந்த நம்பிக்கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எல்லா உரிமையும் அவளுக்கு இருந்தது. இரக்கத்தால் சொல்லாமல் விட்டாளா, வன்மத்தால் விட்டாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

"டவரு இல்லீங்கத்தை" என்றாள்.

"எப்ப வருமாம்?"

"வந்துரும். சோத்தத் தின்னுங்க" என்று சொல்லி, சோற்றில் குழி பறித்து ரசத்தை ஊற்றினாள்.